நேர சர்வருக்கு விஎம்மா, தனிப் பெட்டியா? தேர்வு முதல் ஒப்படைப்பு வரை முழுமையான வழிகாட்டி

பிணையத்திலுள்ள கணினிகளுக்குச் சரியான நேரம் சொல்லும் நேர சர்வர் போட வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம்?" என்பதுதான். தேர்வு தவறுவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான்.

கணினிகள் நேரம் கேட்கப் பயன்படுத்தும் நெறிமுறை என்டிபி. ஒரு என்டிபி கோரிக்கை, ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து வெறும் 90 பைட். 500 கணினிகள் 64 நொடிக்கு ஒருமுறை கேட்டாலும் நொடிக்கு எட்டு கோரிக்கைகள்தான் வரும். ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பே இதைச் சிரமமில்லாமல் தாங்கும். இந்த வேலைக்கு முக்கியம் சீரான ஓட்டம். கடிகாரத்தை ஓட்டும் கிரிஸ்டல் சூட்டில் அலையக்கூடாது, சிபியு நடுவில் நிறுத்தப்படக்கூடாது, பாக்கெட் போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இதை வைத்துத்தான். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் வாங்கிய பொருளைத் திரும்ப மாற்றியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் எழுதி வையுங்கள்

இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். விண்டோஸ் டொமைன் லாகின் வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். செல்போன் செயலி காட்டும் ஓடிபி பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது. சிசிடிவி, வருகைப் பதிவு இயந்திரத்துக்கு ஒரு நொடி போதும். பல சர்வர்களின் லாக்கை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டுமானால் மில்லிநொடி வேண்டும்.

மில்லிநொடி அளவு போதும் என்றால் ஒழுங்காக அமைத்த விஎம் (ஒரு இயந்திரத்துக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் கணினி) தாராளமாகப் போதும். பத்து, நூறு மைக்ரோநொடி என்று கேட்டால் தனிப் பெட்டிக்குப் போக வேண்டும். ஒரு மைக்ரோநொடிக்கும் கீழே உறுதியாக வேண்டும் என்றால் அது பெரும்பாலும் பிடிபி என்ற வேறு நெறிமுறையின் வேலை. அதற்கு சுவிட்ச் முதல் எல்லாமே வேறு, இந்த வழிகாட்டி உதவாது.

இந்தியாவில் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்களின் கணினிகள் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல்லின் நேர சர்வர்களோடோ, அவற்றைப் பின்தொடரும் சர்வர்களோடோ ஒத்திசைந்திருக்க வேண்டும். பல நாடுகளில் இயங்கும் நிறுவனங்கள் வேறு மூலத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் அது இவற்றிலிருந்து விலகக்கூடாது. எங்கிருந்து நேரம் எடுப்பது என்ற கேள்விக்கு இது பாதி விடை.

2. இயந்திரத்துக்கு முன் பிணையத்தைப் பாருங்கள்

என்டிபி, பாக்கெட் போக எடுத்த நேரமும் திரும்பி வர எடுத்த நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. போக 12 மில்லிநொடி, வர 4 மில்லிநொடி என்றால் உங்கள் கடிகாரம் 4 மில்லிநொடி தவறாக நிற்கும், அதாவது வித்தியாசத்தில் பாதி. எவ்வளவு விலை உயர்ந்த பெட்டி வாங்கினாலும் இந்தத் தவறை அது கண்டுபிடிக்காது.

அதனால் நேர சர்வர் வைஃபையில் இருக்கக்கூடாது. அதே இணைப்பில் பெரிய பேக்கப் ஓடினால் அந்த நேரத்தில் ஆஃப்செட், அதாவது சரியான நேரத்திலிருந்து உள்ள விலகல், அலைவதையும் பார்ப்பீர்கள். முடிந்தவரை, நேரம் கேட்கும் கணினிகளான கிளையண்டுகளுக்குப் பக்கத்தில், நடுவில் குறைந்த சாதனங்களுடன் வையுங்கள்.

வெளியுலகுக்கும் சேவை தர நினைப்பவர்கள் முதலில் ரவுட்டரைச் சோதியுங்கள். ஒவ்வொரு என்டிபி கோரிக்கைக்கும் ஃபயர்வால் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிச் சில நொடிகள் வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து கோரிக்கை வந்தால் அட்டவணை நிரம்பி, வீட்டின் மொத்த இணையமும் திக்கும். சர்வர் சும்மாதான் இருக்கும், ரவுட்டர்தான் திணறும். லினக்ஸ் ஃபயர்வால் என்றால் என்டிபி பயன்படுத்தும் 123-ஆம் போர்ட்டுக்கு மட்டும் இணைப்புக் கண்காணிப்பை நிறுத்திவிடலாம். சாதாரண வீட்டு ரவுட்டரில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் பொதுச் சேவையை ஒரு தரவு மையத்தில் வாடகை விஎம்மில் நடத்துவதுதான் சரி.

3. விஎம்மா, பெட்டியா என்று இப்போது முடிவெடுங்கள்

ஜிபிஎஸ் ரிசீவர் இணைக்கப் போகிறீர்களா? அப்படியானால் தனிப் பெட்டி, யோசிக்கவே வேண்டாம். ரிசீவர் தரும் துடிப்பை, விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் வழியாக விஎம்முக்குள் கொண்டுபோனால் அதன் நுட்பமெல்லாம் வழியிலேயே போய்விடும்.

இணையத்திலுள்ள சர்வர்களிடமிருந்து நேரம் வாங்கி உள்ளே விநியோகிக்கும் ஸ்ட்ராட்டம் 2 அல்லது 3 சர்வர்தான் என்றால் விஎம் போதும். (ஸ்ட்ராட்டம் என்பது மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்பது; ஜிபிஎஸ் போன்ற மூலத்தோடு நேரடியாக இணைந்த சர்வர் 1.) ஆனால் ஹோஸ்ட், அதாவது விஎம் ஓடும் இயந்திரம், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, அல்லது அதை நடத்துபவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியுமா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சிறிய பெட்டி ஒன்று வாங்குவதே மேல்.

என் பழக்கம், அலுவலகத்துக்குக் குறைந்தது ஒரு தனிப் பெட்டியாவது வைப்பது. காரணம் 4-ஆம் படியில்.

4. விஎம் என்றால் செய்ய வேண்டியவை

அ. கடிகாரத்துக்கு ஒரே ஒரு எஜமான். விஎம்மின் கடிகாரத்தை, என்டிபி மென்பொருளான க்ரோனி திருத்தும். அதே நேரத்தில் ஹைப்பர்வைசரோடு வரும் விஎம்வேர் டூல்ஸோ, ஹைப்பர்-வியின் ஒருங்கிணைப்புச் சேவையோ அதே கடிகாரத்தைத் திருத்தினால் இரண்டும் மாறி மாறி இழுக்கும். ஹோஸ்ட் ஒத்திசைவை அணையுங்கள். விஎம்வேரில் வெளியே தெரியும் டிக் குறியை எடுப்பது மட்டும் போதாது. ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையைச் சேமிப்பது), இடமாற்றம் (வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது), உறக்கத்திலிருந்து எழுதல் போன்ற தருணங்களில் நடக்கும் ஒத்திசைவுக்குத் தனி அமைப்புகள் உண்டு, அவற்றையும் அணைக்க வேண்டும்.

ஆ. வட்டத்தை வெட்டுங்கள். நான் பார்த்ததிலேயே அதிகம் சேதம் செய்த தவறு இதுதான். ஒரு கல்லூரியில் ஹோஸ்ட் இயந்திரம் விண்டோஸ் டொமைனில் சேர்ந்திருந்தது, அதனால் நேரத்தை, டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடம் வாங்கியது. அந்த டொமைன் கன்ட்ரோலர் அதே ஹோஸ்டில் ஓடிய விஎம். அது நேரத்தை ஹோஸ்டிடம் வாங்கியது. இருவரும் ஒருவரையொருவர் நம்பி, நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி வீதம் சேர்ந்தே நகர்ந்தார்கள். நான்கு மாதத்தில் மூன்றரை நிமிடம். கல்லூரியின் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தைக் காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாசலில் இருந்த கைரேகை இயந்திரம் மட்டும் வேறு நேரம் காட்டியது. அது கெட்டுவிட்டது என்று சொல்லி இரண்டு முறை ஆள் வந்து திருத்திவிட்டுப் போனார். சரியான நேரத்தைக் காட்டியது அது ஒன்றுதான்.

ஹோஸ்ட் ஒருபோதும் தன்மேல் ஓடும் விஎம்மிடம் நேரம் வாங்கக்கூடாது. ஹோஸ்ட் நம்ப ஒரு தனிப் பெட்டி இருந்தால் இந்த வட்டம் உருவாகவே உருவாகாது.

இ. இடம் மாற்றாதீர்கள், ஸ்னாப்ஷாட் எடுக்காதீர்கள். இரண்டிலும் விஎம் சிறிது நேரம் உறைந்து நிற்கும். ஒருமுறை, சில கிளையண்டுகளில் லாக் வரிசை மாறுகிறது என்று க்ரோனியின் ட்ராக்கிங் லாகைத் திறந்து பார்த்தோம். நாள் முழுக்க ஆஃப்செட் 40, 60 மைக்ரோநொடிதான். இரவு 2 மணி 3 நிமிடத்தில் மட்டும் 1.8 நொடி பின்தங்கி, பிறகு மெல்ல மேலேறுகிறது. ஒவ்வொரு இரவும் அதே நிமிடம். 2 மணிக்கு பேக்கப் மென்பொருள் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தது. நேர சர்வரில் காப்பாற்ற வேண்டிய தரவு கிடையாது. அமைப்புக் கோப்பை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, அந்த விஎம்மை பேக்கப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தானியங்கி இடமாற்றத்திலிருந்தும் விலக்கி, ஒரே ஹோஸ்டில் நிலையாக வையுங்கள்.

ஈ. சிபியுவை ஒதுக்கி வாங்குங்கள். ஒரு கோர் போதும், ஆனால் அது கேட்டவுடன் கிடைக்க வேண்டும். டாப் கட்டளையின் எஸ்டி எண், உங்கள் விஎம் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் சிபியு தராமல் காக்கவைத்த நேரத்தைக் காட்டும். அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அடிக்கடி 2, 3 என்று ஏறினால் ஹோஸ்டில் நெரிசல், வேறு ஹோஸ்ட் தேடுங்கள். சிபியு கிரெடிட் முறையில் இயங்கும் மலிவான கிளவுட் விஎம்களில் கிரெடிட் தீர்ந்தால் சிபியு குறைக்கப்படும் என்பதையும் கவனியுங்கள்.

உ. இயங்குதளம் நேரத்தைப் படிக்கும் மூலமான கிளாக்சோர்ஸைச் சரிபாருங்கள். லினக்ஸ் விஎம்மில் டிஎஸ்சி அல்லது கேவிஎம்-கிளாக் என்று இருந்தால் நல்லது. ஹெச்பெட், ஏசிபிஐ-பிஎம் என்று இருந்தால் நேரத்தைப் படிப்பதே மெதுவாகும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் ஓடும் ஹோஸ்ட் உங்களுடையது என்றால், ஹோஸ்டில் க்ரோனி ஓடவிட்டு, விஎம்மில் பிடிபி-கேவிஎம் மாட்யூலை ஏற்றி, ஹோஸ்டின் கடிகாரத்தை நேரடியாகப் படிக்கலாம். நடுவில் பிணையமே இல்லாததால் இது மிகச் சீராக இருக்கும். ஆனால் அப்போது ஹோஸ்டுக்கு வெளியிலிருந்து நல்ல நேரம் வருவது கட்டாயம்.

ஊ. கன்டெய்னர். முழு விஎம்மாக இல்லாமல் ஹோஸ்டின் இயங்குதளத்தையே பகிர்ந்து ஓடும் கன்டெய்னருக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது, ஹோஸ்டின் கர்னல் கடிகாரம்தான் அதற்கும். வாடகைக்கு வாங்கியது விஎம்மா, கன்டெய்னரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். கன்டெய்னர் என்றால் நேரத்தைத் திருத்த அனுமதி வழக்கமாக இருக்காது, ஹோஸ்ட் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் நீங்களும்.

5. தனிப் பெட்டி என்றால் பார்க்க வேண்டியவை

ரேம், டிஸ்க் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 1 ஜிபி போதும். எஸ்டி கார்டு என்றால் லாக் எழுதுவதைக் குறையுங்கள், கார்டு நீண்ட நாள் உழைக்கும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் நெட்வொர்க் கார்டு. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் 3-ஆம் மாடல் வரை ஈதர்நெட் யுஎஸ்பி வழியாகத்தான் போகிறது, பாக்கெட் நேரத்தில் அது தெரியும். பை 4-இலிருந்து நேரடி ஈதர்நெட். மினி பிசி வாங்குபவர்கள் இன்டெல் ஐ210, ஐ225, ஐ226 போன்ற கார்டு உள்ளதைத் தேடுங்கள். இவை பாக்கெட் வந்த நேரத்தைக் கார்டிலேயே குறிக்கும். சாதாரண உள்பிணையத்தில் க்ரோனி சில பத்து மைக்ரோநொடி துல்லியம் தரும். இரு முனையிலும் கார்டு நேரக்குறி இருந்தால் ஒரு மைக்ரோநொடிக்கும் கீழே போக முடியும். உங்கள் கார்டில் அது உண்டா என்பதை ஈதிடூல் கட்டளையைப் பெரிய டி விருப்பத்துடன் கொடுத்தால் காட்டும். ஈதர்நெட்டின் மின்சேமிப்பு வசதியான இஇஇ-யை அணையுங்கள். தூங்கி எழும் இணைப்பு ஒவ்வொரு பாக்கெட்டையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தும்.

அடுத்தது பேட்டரியுடன் கூடிய ஆர்டிசி, அதாவது மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரச் சில்லு. பை 4 வரையுள்ள பலகைகளில் ஆர்டிசியே கிடையாது. பை 5-இல் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஆர்டிசி இல்லாத பெட்டி, மின்சாரம் போய் வந்தால் கடைசியாகச் சேமித்த தேதியோடு எழும். அந்தப் பழைய தேதியில் சான்றிதழ் சோதனை தோற்கும், சான்றிதழைச் சரிபார்க்கும் என்டிஎஸ் பாதுகாப்புள்ள மூலங்களோடு பேசவே முடியாது. டிஎஸ்3231 சில்லு உள்ள சிறு பலகை மலிவாகக் கிடைக்கிறது, பை 4-க்கு அதை மாட்டுங்கள்.

பிறகு வெப்பம். சாதாரண கிரிஸ்டல் 20 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை தவறலாம். ஒரு பிபிஎம் என்பது நாளுக்கு 86.4 மில்லிநொடி. நிலையான தவறு தொந்தரவு இல்லை, க்ரோனி அதைக் கற்றுக்கொண்டு ஈடுகட்டிவிடும். தவறு மாறிக்கொண்டே இருப்பதுதான் தொந்தரவு, அதை மாற்றுவது வெப்பநிலை. ஒரு ராஸ்பெர்ரி பையை ஏசி காற்று நேராக அடிக்கும் தட்டில் வைத்திருந்தார்கள். க்ரோனிசி ட்ராக்கிங் கட்டளை கொடுத்து ஃப்ரீக்வென்சி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்ப்ரசர் ஓடும்போது 12.1 பிபிஎம், நின்றால் 12.4, மீண்டும் 12.1. பெட்டியை ராக்கின் அடித்தட்டுக்கு மாற்றி, காற்று நேராகப் படாமல் ஒரு மூடி போட்டதும் அந்த ஆட்டம் அடங்கியது. சூடாகும் சுவிட்சின் தலைமேலும் வைக்காதீர்கள். அதே காரணத்துக்காக அந்தப் பெட்டியில் வேறு கனமான வேலை எதையும் ஏற்றாதீர்கள். சிபியு சுமை ஏறி இறங்கினால் பலகையின் சூடும் ஏறி இறங்கும்.

6. ஜிபிஎஸ் சேர்ப்பதாக இருந்தால்

புதியவர்கள் வாங்குவது பெரும்பாலும் யுஎஸ்பியில் செருகும் மலிவான ரிசீவர். அது தரும் வாக்கியங்கள் 'இப்போது எந்த நொடி' என்று சொல்லும், அந்த நொடி எப்போது தொடங்கியது என்பதை நுட்பமாகச் சொல்லாது. வாக்கியம் நூற்றுக்கணக்கான மில்லிநொடி தாமதமாகவும், அலைந்துகொண்டும் வரும். அதை மட்டும் நம்பினால் நல்ல இணைய மூலத்தைவிட மோசமான நேரம்தான் கிடைக்கும்.

வேண்டியது பிபிஎஸ் முனை உள்ள ரிசீவர். நொடிக்கு ஒரு துடிப்பு தரும் அந்த முனையைப் பையின் ஜிபிஐஓ பின்னில் இணைக்க வேண்டும். வாக்கியம் நொடியின் எண்ணைச் சொல்லும், துடிப்பு அதன் விளிம்பைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் நம்பத்தக்க ஸ்ட்ராட்டம் 1. இணைத்தவுடன் வாக்கிய மூலத்தைத் தேர்வில் சேர்க்காமல், இணைய மூலங்களோடு ஒப்பிட்டு அதன் தாமதத்தை அளந்து, அந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதிய பிறகே நம்புங்கள். எழுதாவிட்டால் துடிப்பு பக்கத்து நொடியோடு சேர்ந்துவிடலாம். அப்போது சர்வர் துல்லியமாக ஒரு நொடி தவறாக ஓடும்.

ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். சன்னலோரம் வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டால் நாளில் சில மணிநேரம் செயற்கைக்கோள் போதாமல் போகும். மொட்டைமாடியில் வைத்தால் கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பானும் எர்த்தும் போடுங்கள். ஐப்பசி இடி ஒன்று ஆன்டெனா வழியாக ராக் வரைக்கும் வந்துவிடும்.

ஜிபிஎஸ் இருக்கிறது என்று இணைய மூலங்களை நீக்கிவிடாதீர்கள். ஜிபிஎஸ்ஸின் பழைய வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் ரிசீவர் ஏறத்தாழ இருபது வருடம் பின்னே குதிக்கும். அதைப் பொய் என்று சொல்ல சாட்சிகள் வேண்டும்.

7. எத்தனை மூலங்கள், எத்தனை சர்வர்கள்

உங்கள் சர்வருக்கு நான்கு மூலங்கள் கொடுங்கள். இரண்டு இருந்து இரண்டும் முரண்பட்டால் யார் சரி என்று தீர்மானிக்க வழியில்லை. மூன்று இருந்தால் பெரும்பான்மை உண்டு, ஆனால் ஒன்று நின்றுபோனால் மீண்டும் இரண்டுதான். நான்கு இருந்தால் ஒன்று நின்றாலும் பெரும்பான்மை நிலைக்கும்.

லீப் நொடியை, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடியை, வெவ்வேறு விதமாகக் கையாளும் மூலங்களைக் கலக்காதீர்கள். அமேசானும் கூகுளும் லீப் நொடியை 24 மணிநேரத்தில் பரப்பிக் கரைக்கும். மற்றவர்கள் பெரும்பாலும் ஒரே தடவையில் சேர்ப்பார்கள். அந்த நாளில் இரு தரப்புக்கும் அரை நொடி வரை இடைவெளி வரும். கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31-இல் வந்தது. அடுத்தது வருமா, வராதா என்பதை நம்பி அமைப்பைக் கலந்து வைக்க வேண்டாம்.

கிளையண்டுகளுக்கு நீங்கள் தரும் சர்வர்களிலும் இதே சிந்தனை வேண்டும். ஒரே ஹோஸ்டில் மூன்று விஎம் போட்டுவிட்டு மூன்று சர்வர் என்று கணக்குக் காட்டுவது பொதுவான தவறு. அவை மூன்றும் ஒரே கிரிஸ்டல், ஒரே பவர் சப்ளை. ஹோஸ்ட் நின்றால் மூன்றும் சேர்ந்தே நிற்கும்.

8. கிளையண்டுகளுக்குக் கொடுக்கும் முன் இரண்டு வாரம் ஓடவிடுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டும் படி இது. க்ரோனியில் ட்ராக்கிங், மெஷர்மென்ட்ஸ் லாக் இரண்டையும் இயக்கிவிட்டு, வேலை நாள், விடுமுறை நாள், பேக்கப் இரவு எல்லாம் அடங்கும்படி பதியவிடுங்கள். ஒரே மணிக்குத் திரும்பத் திரும்ப வரும் குதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தானாக நிகழும் ஏதோ ஒரு வேலை.

அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். மேக்ஸ்டெப், தொடக்கத்தில் முதல் மூன்று திருத்தங்களுக்கு மட்டும் குதிக்க அனுமதிக்கட்டும். எப்போதும் குதிக்கலாம் என்று விட்டால் கடிகாரம் வேலைக்கு நடுவில் பின்னால் போகும், டேட்டாபேஸ்கள் அதைத் தாங்காது. இணையம் போனாலும் தொடர்ந்து நேரம் தர லோக்கல் வரியை ஸ்ட்ராட்டம் 10-இல் வையுங்கள். 1 என்று வைப்பவர்கள் உண்டு. அப்போது இணையம் போன சர்வர் தன்னை ஸ்ட்ராட்டம் 1 என்று அறிவித்துக்கொள்ளும், கேட்பவர்களும் நம்பிவிடுவார்கள்.

பிறகு மின்வெட்டுச் சோதனை. எல்லாவற்றையும் அணைத்து, ஒரே நேரத்தில் இயக்குங்கள். பல இடங்களில் இங்கேதான் முடிச்சு தெரியும். நேர சர்வர் மூலங்களின் பெயரைத் தேட டிஎன்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும். டிஎன்எஸ் சர்வரோ, பதில்களின் கையொப்பமான டிஎன்எஸ்செக்கைச் சரிபார்க்க நேரம் சரியாக இருக்க வேண்டும் என்று காத்திருக்கும். தனிப் பெட்டியில் ஆர்டிசி இருந்தால் இந்த முடிச்சு தானாக அவிழும்.

9. திறந்துவிடுங்கள், ஆனால் அளவாக

க்ரோனியின் அலோவ் வரியில் உங்கள் உள்பிணைய முகவரிகளை மட்டும் எழுதுங்கள். இன்னொரு என்டிபி மென்பொருளான என்டிபிடியின் பழைய பதிப்புகளின் மான்லிஸ்ட் வசதியைப் பயன்படுத்தி 2014-இல் பெரும் தாக்குதல்கள் நடந்தன. சிறு கோரிக்கைக்குப் பெரிய பதில் தரும் அத்தகைய வசதி எதுவும் வெளியே தெரியக்கூடாது. வெளியாருக்குச் சேவை தருபவர்கள் ரேட்லிமிட் வரியையும் சேருங்கள்.

பிணையத்தில் சேரும் சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியின் 42-ஆம் விருப்பம் வழியாகக் கிளையண்டுகளுக்கு நேர சர்வரின் முகவரி தரலாம். அந்த விருப்பத்தைப் படிக்காத கேமராக்கள், வருகைப் பதிவு இயந்திரங்கள், சுவிட்சுகளில் கையால்தான் எழுத வேண்டும். அங்கே ஐபி எண்ணை எழுதாமல் டிஎன்எஸ் பெயரை எழுதுங்கள். 2003-இல் வீட்டு ரவுட்டர்களின் ஃபர்ம்வேருக்குள் விஸ்கான்சின் பல்கலைக்கழக நேர சர்வரின் ஐபி எண்ணை நேரடியாக எழுதிவிட்டதால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பிணையமே கோரிக்கை வெள்ளத்தில் தவித்தது. உங்கள் கட்டடத்தில் அறுபது கேமராவில் ஐபி எழுதியிருந்தால், சர்வரை மாற்றும் நாளில் அறுபது ஏணி ஏற வேண்டியிருக்கும்.

எங்கே பெயர் எழுத முடியவில்லையோ, அந்தச் சாதனங்களின் பட்டியலைப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். ஆன்டெனா இருக்கும் இடம், ஆர்டிசி பேட்டரி மாற்றிய தேதி, சாதாரண நாளில் ஃப்ரீக்வென்சி வரி காட்டும் எண், இந்த மூன்றையும் அதே தாளில் எழுதுங்கள். அந்த எண் ஒருநாள் காரணமில்லாமல் ஒன்றிரண்டு பிபிஎம் நகர்ந்திருந்தால், முதலில் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள்.